ஓடும் கண்ணுக்கு உடனே கத்தி வேண்டாம். சும்மா விடவும் வேண்டாம்

பாறசாலை, இஞ்சிவிளை, உதியன்குளங்கரை, அமரவிளைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பிள்ளையின் கண் காதுப் பக்கமாக ஓடுகிறது என்றால் மூன்று விதமான பேச்சு எழும். "மாறுகண் அதிர்ஷ்டம், வீட்டுக்கு யோகம்" என்பாள் பாட்டி. "வளர வளரச் சரியாகிவிடும்" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. "ஆஸ்பத்திரிக்குப் போனால் கண்ணில் கத்தி வைத்துவிடுவார்கள்" என்று பயப்படுவான் தகப்பன். பேச்சு மூன்றானாலும் முடிவு ஒன்றுதான். பிள்ளையை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போவதில்லை.

இந்த மூன்றில் மிகவும் கெடுதல் செய்வது தகப்பனின் பயம் என்பது என் அபிப்பிராயம். பாட்டியின் யோகத்தை இன்று பேரப் பிள்ளைகளே நம்புவதில்லை. ஆனால் கத்திப் பயம் படித்தவர்களையும் பிடித்து ஆட்டுகிறது. வெளிப்பக்கம் ஓடும் கண்ணுக்கு முதல் நாளே கத்தி என்பது இன்றைய வைத்திய முறையே அல்ல. கண்ணாடி, கண்ணை மூடும் பட்டி, பயிற்சி, தவணை தவறாத பரிசோதனை என்று பல படிகள் இருக்கின்றன. அறுவைச் சிகிச்சை கடைசிப் படி. எல்லாப் பிள்ளைகளும் அந்தப் படி வரை போக வேண்டியதில்லை.

நான் டாக்டர் அல்ல, ரெயில்வே குமாஸ்தா. குமாஸ்தாவுக்கு வைத்தியப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். 1979-ல் திருவனந்தபுரம் - நாகர்கோவில் ரெயில் பாதை திறந்ததிலிருந்து இந்த எல்லைக் கிராமத்து ஜனங்களின் ஆஸ்பத்திரிப் பயணம் பாதிக்கு மேல் ரெயிலில்தான் நடக்கிறது. காலை வண்டிக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் பிள்ளைக்கு என்ன என்பதையும் சேர்த்தே கவுண்டரில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்டதையும் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். வைத்தியம் செய்ய வேண்டியவர் டாக்டர்.

இரட்டை மாடு, ஒரு நுகம்

இரண்டு கண்களும் ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் மாதிரி. ஒரே இடத்தைப் பார்க்க இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஓட்டுவது மூளை. சில பிள்ளைகளுக்கு இந்தப் பிடி கொஞ்சம் தளர்ச்சி. விழித்து விளையாடும்போது இரண்டு கண்ணும் நேராக நிற்கும். களைப்பு, தூக்கச் சடவு, காய்ச்சல், எங்கோ தூரத்தில் வெறித்துப் பார்த்தல் என்று வந்தால் ஒரு மாடு நுகத்தை விட்டு ஓரத்துக்குப் போகிறது. கூப்பிட்டால், கண்ணைச் சிமிட்டினால் திரும்ப வந்து நிற்கும். வருவதும் போவதுமாக இருக்கும் இந்த வெளி மாறுகண்தான் நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும் வகை. மேல்நாட்டில் மூக்குப் பக்கம் திரும்பும் கண் அதிகம் என்றும், ஆசிய நாடுகளில் வெளியே ஓடும் கண்ணே அதிகம் என்றும் கண் வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

பிள்ளை இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒரு கண் விலகினால் எல்லாம் இரண்டாகத் தெரிய வேண்டும் அல்லவா? பெரியவர்களுக்குத் திடீரென்று வந்தால் அப்படித்தான் தெரியும். சின்னப் பிள்ளையின் மூளை கெட்டிக்காரத்தனமாக விலகிய கண்ணின் படத்தை அணைத்துவிடுகிறது. அதனால் வலி இல்லை, இரட்டை இல்லை, புகாரும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளை பார்ப்பது ஒற்றைக் கண்ணால். இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் கிட்டும் ஆழப் பார்வை, அதாவது எது முன்னே எது பின்னே என்ற துல்லியம், அப்போது இல்லை. அணைப்பதே பழக்கமாகி, நாள் முழுவதும் கண் வெளியிலேயே நின்றுவிட்டால் அந்த ஆழப் பார்வை நிலைத்து நிற்பது கஷ்டம். வைத்தியத்தின் நோக்கம் அழகு மட்டும் அல்ல. சேர்ந்து பார்க்கும் அந்தப் பார்வையைக் காப்பாற்றுவதே முதல் நோக்கம்.

தாய்மார்கள் கவனிக்க இன்னொரு அடையாளம் உண்டு. நல்ல வெயிலில் இறங்கியவுடன் பிள்ளை ஒரு கண்ணை மட்டும் இறுக மூடிக்கொள்ளும். வெயில் கூச்சம் என்று விட்டுவிடுகிறோம். வெளியே ஓடும் கண்ணுள்ள பிள்ளைகளிடம் இது சர்வ சாதாரணம்.

காலையில் நேர், மாலையில் கோணல்

நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு கொத்தனார், தென்காசிப் பக்கத்துக்காரர். அவர் மகளுக்கு ஆறு வயது. மூன்று முறை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஊருக்குள் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறார். "காலைலே டாக்டர் பாக்கும்போது கண்ணு நேராத்தான் நிக்கு சார். சாயந்தரம் வீட்டுக்கு வந்தா மறுபடியும் ஓடிருது" என்றார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பிள்ளை நடிக்கிறாள் என்றாராம். கூடப் படிக்கும் பிள்ளைகள் 'கோங்கண்ணி' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். மலையாளத்தில் 'கோங்கண்ணு' என்றால் மாறுகண். நம் ஊரில் 'ஒன்றரைக் கண்' என்பார்கள். வசவுக்கு மாநில எல்லை கிடையாது.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தக் கோளாறு காலை பத்து மணிக்கு ஒளிந்துகொள்ளும். தூங்கி எழுந்து, டாக்டரைப் பார்த்த பயத்தில் விழிப்பாக நிற்கும் பிள்ளையின் கண் நேராகத்தான் இருக்கும். டாக்டர் ஒரு கண்ணைப் பத்து விநாடி மூடி, மூடியை எடுத்து, கண் எவ்வளவு நேரத்தில் திரும்பி வருகிறது என்று பார்த்தால் வெளிப்பட்டுவிடும். தூரத்துப் பொருளைப் பார்க்கச் சொல்லியும், கிட்டத்தில் காட்டியும் இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். கூட்டமான ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் இது நடப்பதில்லை.

"அண்ணாச்சி, போன் வைத்திருக்கிறீர்களே, சாயங்காலம் பிள்ளை வாசலில் நின்று தூரத்தில் பார்க்கும்போது ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள்" என்றேன். எடுத்தார். கண் ஓடி நிற்கும் இரண்டு படமும் ஒரு சின்ன வீடியோவும் கையில் இருந்ததால் அடுத்த முறை பெரிய ஆஸ்பத்திரியில் விஷயம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. பிள்ளைக்குக் கிட்டப்பார்வையும் இருந்தது. கண்ணாடி கொடுத்து, பட்டியும் கொடுத்து, மூன்று மாதத்தில் வரச் சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்துப் பரிசோதனையில் ஏன் அகப்படவில்லை என்று கேட்டார். 1976-ல் தொடங்கிய பார்வையிழப்புத் தடுப்புத் தேசியத் திட்டத்தின் கீழ் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைப் பார்ப்பதும், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுப்பதும் நடந்துவருகிறது. 2013 முதல் ராஷ்டிரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தில் பிறந்தது முதல் 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் ஆறு மீட்டர் தூரத்தில் எழுத்து அட்டையை மாட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்கச் சொல்வதே பள்ளிக்கூடச் சோதனை. வெளியே ஓடும் கண்ணுள்ள பிள்ளைகள் பலருக்கு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே நன்றாகத் தெரியும். அட்டையில் பிள்ளை தேறிவிடும். சேர்ந்து பார்க்கிறதா என்று அட்டை கேட்பதே இல்லை. அட்டையோடு கூட, கடைசி மணி அடிக்கும் நேரத்தில் வகுப்பு டீச்சர் பிள்ளைகளின் கண்ணை ஒரு பார்வை பார்த்தால் இன்னும் பல பிள்ளைகள் அகப்படுவார்கள். இதற்குத் தனிச் செலவு ஒன்றும் இல்லை.

கத்தி இல்லாமல் என்ன செய்கிறார்கள்?

கத்தியில்லா வைத்தியத்துக்குக் கத்தியைப் போலவே வயசு உண்டு. மாறுகண்ணுக்கு முதல் அறுவைச் சிகிச்சையை 1839-ல் பெர்லினில் டீபன்பாக் என்ற டாக்டர் ஏழு வயதுப் பையனுக்குச் செய்தார். அதே 1839-ல் பிரான்சில் பிறந்தவர் எமில் ஜவால். தகப்பனுக்கும் சகோதரிக்கும் மாறுகண். அந்தக் காலத்து அறுவையின் பலனைப் பார்த்து, சகோதரிக்குக் கத்தி வேண்டாம் என்று இரட்டைப் படக் கருவி வைத்துப் பயிற்சி கொடுத்தார். 1896-ல் மாறுகண்ணைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். இன்றைய கண் பயிற்சி முறைகளுக்கு அவரையே ஆதி குரு என்கிறார்கள்.

பழைய குருவின் பேச்சு மட்டும் போதாது, எது பலிக்கிறது என்பதற்குக் கணக்கு வேண்டும். அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்தும் குழந்தைக் கண் நோய் ஆய்வுக் குழு அந்தக் கணக்கை எடுத்திருக்கிறது.

முதலில் பட்டி. 3 வயதிலிருந்து 11 வயதுக்குள் இருந்த 358 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குத் தினம் 3 மணி நேரம் ஒரு கண்ணைப் பட்டியால் மூடினார்கள், ஐந்து மாதம். மறு பகுதிக்கு ஒன்றும் செய்யாமல் கவனித்து வந்தார்கள். ஆறு மாதத்தில் பட்டி கட்டியவர்களில் நோய் முற்றியது 159 பேரில் ஒருவருக்கு. சும்மா விட்டவர்களில் 165 பேரில் 10 பேருக்கு. 2014-ல் இந்த முடிவு வெளிவந்தது. இதில் இரண்டு செய்தி இருக்கிறது. பட்டியால் பலன் உண்டு. அதே சமயம் பட்டி கட்டாதவர்களிலும் நூற்றுக்கு 94 பேர் ஆறு மாதத்தில் மோசமாகவில்லை. கவனித்து வந்தவர்களை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்ததில், மோசமானவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேர் என்று 2019-ல் எழுதினார்கள்.

ஆகவே "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று டாக்டர் சொன்னால், அவர் கை கழுவுகிறார் என்று நினைக்க வேண்டாம். தவணை கொடுத்துப் பார்ப்பதும் வைத்தியமே. தவணைக்கு வராமல் விடுவதுதான் வைத்தியம் இல்லாதது. இந்த வித்தியாசம் நம் ஜனங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் அனுப்பினால் ஆஸ்பத்திரி வீண் என்று எண்ணுகிறோம்.

அடுத்தது கண்ணாடி. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குத் தூரம் மங்கலாக இருப்பதால் கண்ணைச் சேர்த்துப் பிடிக்க மூளைக்கு ஆசை குறைகிறது. சரியான கண்ணாடி போட்டவுடன் சில பிள்ளைகளுக்கு ஓட்டமே குறைந்துவிடும். "சின்னப் பிள்ளைக்குக் கண்ணாடியா, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா" என்று கழற்றி வைக்கும் தாய்மார்கள் இதை யோசிக்க வேண்டும். கண்ணாடிதான் பல பிள்ளைகளைக் கத்தியிலிருந்து தள்ளி வைக்கிறது.

சில டாக்டர்கள் தேவைக்கு மேல் மைனஸ் பவர் கொடுப்பார்கள். அதிகப் பவரைத் தாண்டிப் பார்க்கக் கண் முயற்சி செய்யும்போது இரண்டு கண்ணும் உள்ளே இழுபடும், ஓட்டம் அடங்கும். இதையும் அதே குழு 386 பிள்ளைகளிடம் சோதித்தது. மைனஸ் இரண்டரை கூடுதலாகக் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டிருந்த ஒரு வருஷமும் கண் நன்றாக அடங்கி நின்றது. கூடுதல் பவரைக் குறைத்து எடுத்த பிறகு, 18-வது மாதத்தில், சாதாரணக் கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிட்டப்பார்வையோ கூடிவிட்டது, ஒரு பவருக்கு மேல் கூடியவர்கள் இந்தப் பிரிவில் நூற்றுக்கு 17, மற்றதில் 1. 2021-ல் வந்த முடிவு இது. எனவே டாக்டர் இந்த வழியைச் சொன்னால் ஏன், எத்தனை நாள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஏற்கெனவே கிட்டப்பார்வை உள்ள பிள்ளை என்றால் இரண்டு முறை கேட்கலாம்.

மூன்றாவது பயிற்சி. இங்கேதான் காசு பறிபோகிறது. பென்சிலை மூக்கருகே கொண்டுவந்து பார்க்கும் பயிற்சியை எல்லாருக்கும் எல்லாக் கோளாறுக்கும் சொல்கிறார்கள். வெளியே ஓடும் கண்ணில் ஒரு வகை, படிக்கும்போது கிட்டத்தில் மட்டும் கண்கள் சேராத குறை. தலைவலி, எழுத்து அசைவது, ஒரே வரியைத் திரும்பப் படிப்பது ஆகியவை அதன் அடையாளம். 9 முதல் 17 வயது வரையான 221 பேரிடம் 12 வாரம் நடந்த சோதனையின் முடிவு 2008-ல் வந்தது. பயிற்சியாளர் முன்னிலையில் ஆஸ்பத்திரியில் செய்தவர்களில் நூற்றுக்கு 73 பேர் தேறினார்கள். வீட்டில் பென்சில் மட்டும் தள்ளியவர்களில் 43 பேர். கம்ப்யூட்டரையும் பென்சிலையும் சேர்த்து வீட்டில் செய்தவர்கள் 33 பேர். பெயருக்கு ஏதோ ஒரு பயிற்சி கொடுக்கப்பட்டவர்களிலும் 35 பேர் தேறினார்கள் என்பதைப் பார்த்தால், வீட்டுப் பயிற்சியின் யோக்கியதை தெரியும். கிட்டத்துக் குறைக்குப் பலித்தது தூரத்தில் ஓடும் கண்ணுக்கும் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. முதலில் எந்த வகை என்று அளந்து சொல்ல வேண்டும். அளக்காமல் ஆறு மாதப் பயிற்சிக்கு முன்பணம் கேட்கும் இடத்தில் உட்காரவே கூடாது. கண்ணில் எண்ணெய் விடுவது, தேன் விடுவது, தாய்ப்பால் விடுவது எல்லாம் கண்ணுக்குக் கேடு. கண்ணைத் திருப்பும் தசைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அறுவை எப்போது?

கத்தியைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். கண் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி வெளியிலேயே நிற்கிறது, ஆழப் பார்வை குறைந்துகொண்டே போகிறது, கண்ணாடியும் பட்டியும் பிடித்து நிறுத்தவில்லை என்றால் டாக்டர் அறுவைச் சிகிச்சை சொல்வார். அப்போது மறுப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். கண்ணை வெளியே எடுத்துத் திரும்ப வைப்பார்கள் என்ற கதை பொய். கண்ணுக்கு வெளியே ஒட்டியிருக்கும் தசையைத்தான் தளர்த்தியோ இறுக்கியோ தைக்கிறார்கள்.

அறுவை செய்தால் அத்தோடு தொல்லை தீர்ந்தது என்பதும் சரியல்ல. 197 பிள்ளைகளுக்கு இரண்டு விதமான அறுவைச் சிகிச்சை செய்து மூன்று வருஷம் பார்த்ததில், ஒரு விதத்தில் நூற்றுக்கு 46 பேருக்கும் மற்றதில் 37 பேருக்கும் எதிர்பார்த்த பலன் நிலைக்கவில்லை என்று 2019-ல் வெளிவந்த முடிவு சொல்கிறது. அறுவைக்குப் பிறகும் கண்ணாடியும் தவணையும் உண்டு. ஆகவே அவசரப்பட்டுக் கத்திக்கு ஓடுவதிலும் லாபம் இல்லை. பயந்து ஓடுவதிலும் லாபம் இல்லை.

காத்திருக்கவே கூடாத சில அடையாளங்கள் உண்டு. கண்மணிக்குள் வெள்ளையாக மின்னினால், அல்லது போன் படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக விழுந்தால், அன்றே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணுக்குள் வரும் புற்றுநோய் சில சமயம் மாறுகண்ணாகத்தான் முதலில் தலை காட்டும். திடீரென்று கண் விலகி, இமை சரிந்து, தலைவலியோ வாந்தியோ இருந்தாலும் அப்படியே. கைக்குழந்தையின் கண் முதல் மூன்று நான்கு மாதம் அலைவது இயல்பு. அதற்குப் பிறகும் ஒரே பக்கமாக நின்றால் இயல்பல்ல.

வேலை விஷயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும், அது என் இலாகாவைச் சேர்ந்தது. ரெயில்வேயில் சேரும்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மருத்துவத் தரம் உண்டு. என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு சி-2. இஞ்சின் ஓட்டுகிறவருக்கு ஏ-1. சர்க்கார் வேலைக்கான மருத்துவ விதிகளில், இரு கண்ணும் சேர்ந்து பார்க்க வேண்டிய பணிகளுக்கு, ஒவ்வொரு கண்ணும் தனியே முழுப் பார்வையோடு இருந்தாலும் மாறுகண் தகுதிக் குறைவாகவே எண்ணப்படுகிறது. ஆறு வயதில் பட்டி கட்டச் சோம்பியதால் இருபத்தி மூன்று வயதில் வாய்ப்புப் போவதை யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. தறி நெய்கிற பாலராமபுரத்துச் சாலியர் வீடுகளிலும் இதைச் சொல்ல வேண்டும். நூறாண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாட்டு வேர் விடாமல் கண்ணை நம்பிப் பிழைப்பவர்கள் அவர்கள்.

பாஷை என்னும் தடை

கொத்தனார் வீட்டுக் கதையில் பாக்கி இருக்கிறது. மூன்று மாதம் கழித்துத் தவணைக்குப் போனார்கள். பட்டி பலன் தரவில்லை என்று டாக்டர் முகம் சுளித்தாராம். விசாரித்தால் விஷயம் வேறு. "வைகுந்நேரம் மூணு மணிக்கூர்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மலையாளத்தில் மணிக்கூர் என்றால் மணி நேரம். மாலையில் 3 மணி நேரம் கட்டு என்று அர்த்தம். தாய் ஊரில் அஞ்சாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள். கேரளத்துக்கு வந்து இரண்டு வருஷம். மூணு மணிக்குக் கட்டச் சொன்னார்கள் என்று புரிந்துகொண்டாள். மூணு மணிக்குப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் அல்லவா இருக்கும்? அதனால் சனி, ஞாயிறு மட்டும் சரியாக மூணு மணிக்குக் கட்டி, பிள்ளை அழுதவுடன் அவிழ்த்திருக்கிறாள். எந்தக் கண்ணுக்கு என்பதும் சீட்டில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தாக இருந்ததால், அழுகை குறைந்த கண்ணுக்குக் கட்டியிருக்கிறாள்.

இதில் தாயைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டாக்டரையும் அவ்வளவாகச் சொல்வதற்கில்லை. அவருக்கு வாசலில் கூட்டம். எல்லையிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றபோது இப்புறம் தங்கியவர்களின் பேரப் பிள்ளைகள் அவர்கள். கஷ்டம் அவர்களுக்கு அல்ல. கட்டட வேலைக்கும், கல் குவாரிக்கும், செங்கல் சூளைக்கும், ஓட்டல் வேலைக்கும் பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்குத்தான்.

கேரள அரசு 1969-ல் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் தங்கள் பாஷையில் சர்க்காருக்கு எழுதவும் பதில் பெறவும் இடம் வைத்தார்கள். தாலுகா ஆபீசில் மனு எழுத இருக்கும் வசதி, ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு ஏன் வேண்டாம்? பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரியிலும் நெய்யாற்றின்கரை பெரிய ஆஸ்பத்திரியிலும் கண் பிரிவில் ஒரு பக்கத் தாள் தமிழில் அச்சடித்து வைத்தால் போதும். தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களின் பெற்றோர் சங்கங்களும் நம் தமிழ்ச் சங்கங்களும் அச்சுக் கூலியை ஏற்கத் தயாராகவே இருக்கும். வீடு வீடாகப் போகும் ஆஷா தொழிலாளிகளிடமும் அங்கன்வாடி டீச்சர்களிடமும் பத்துப் பத்துத் தாள் கொடுக்கலாம்.

அதோடு, பட்டி கட்டும் வீடுகளுக்குச் சில நடைமுறை விஷயம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒட்டும் பட்டி தோலை அரிக்கும். அரித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். கண்ணாடியின் மேல் துணி ஒட்டினால் பிள்ளை இடுக்கில் எட்டிப் பார்க்கும். தூங்கும்போது கட்டுவதால் பிரயோஜனம் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டி அனுப்பிக் கேலிக்கு ஆளாக்க வேண்டாம். வீட்டுப் பாடம் எழுதும்போதும் டி.வி. பார்க்கும்போதும் கட்டலாம். டாக்டர் சொன்னதற்கு மேல் நாலு மணி, ஆறு மணி என்று நாமாகக் கூட்டவும் கூடாது. மூடிய கண்ணின் பார்வை குறையக் கூடும்.

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் அரசு கண் ஆஸ்பத்திரிக்கு ரெயிலில் சுமார் 30 கிலோமீட்டர். தமிழிலேயே பேசி வைத்தியம் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்குத் திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. ஊருக்குப் போகிற லீவில் பார்த்துவிட்டு வரலாம். எங்கே போனாலும் பழைய சீட்டையும் கண்ணாடியையும் சாயங்காலப் படத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அச்சடிக்கப் போகும் தாளில் அதிகம் எழுத வேண்டாம். எந்தக் கண், எத்தனை நேரம், அடுத்த தவணை எந்தத் தேதி, எந்த அடையாளம் கண்டால் தவணைக்குக் காத்திராமல் ஓடி வர வேண்டும். அவ்வளவுதான். 'மூணு மணிக்கூர்' என்று வரும் இடத்தில் மட்டும் 'மூன்று மணி நேரம்' என்று பெரிய எழுத்தில் போட வேண்டும்.